ஒளித்து வைத்த வசனம்

எனக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். அச்சாகி வந்த தாளைக் கையில் எடுக்கும்போதே இதில் தப்பு இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் எடுப்பேன். அப்படி எடுத்தால்தான் ஜூன் மாதத்துக்கு முப்பத்தொன்று போட்டிருப்பது கண்ணில் படும். இந்தப் புத்தி அச்சகத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, கட்டிய புருஷன், யாரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு புதுவருடத்தின்போது ஆண்டவரையே செக்கிங் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

விஸ்வநத்தம் பக்கம் எங்கள் கோயில் சின்னக் கோயில். கிறிஸ்தவர்களான நாங்களும் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் போதகருக்கு நான்கு ஊர்ச் சபைகள். டிசம்பர் முப்பத்தொன்று இரவு பன்னிரண்டு மணிக்கு அவர் பெரிய கோயிலில் நிற்பார். எங்களுக்கு ஜனவரி ஒன்று விடிகாலை ஐந்து மணிக்குத்தான் ஆராதனை. பாட்டு, ஜெபம், பிரசங்கம், நற்கருணை எல்லாம் முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைப்பார்கள். மேலே வெள்ளைத் துணி மூடியிருக்கும். அதற்குள் வாக்குத்தத்த அட்டைகள். ஒவ்வொருவராக வரிசையில் போய், துணிக்குள் கையை விட்டு, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வேத வசனம்தான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. அதைப் பிரேம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. பீரோக் கதவில் ஒட்டுகிறவர்கள் உண்டு. வந்த வசனம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி இரண்டாம் முறை வரிசையில் நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த அட்டைகளை அச்சடிப்பது எங்கள் அச்சகம்தான். காலண்டர் சீசன் ஓய்ந்து, கடைசி லோடும் லாரி ஏறின பிறகு, டிசம்பர் மூன்றாவது வாரத்தில் இந்தச் சின்ன ஆர்டர் ஓடும். முதலாளி அண்ணாச்சி இந்து. ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகிறவர். ஆனாலும் வசன அட்டையின் முதல் தாள் மிஷினை விட்டு வெளியே வந்ததும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"எந்தச் சாமி வாக்கா இருந்தா என்ன தாயி. தப்பு வந்துரக் கூடாது. நல்லாப் பாத்துருங்க" என்பார்.

போதகர் முப்பத்தாறு வசனங்களை வாட்ஸப்பில் அனுப்புவார். ஒரு தாளில் முப்பத்தாறு அட்டை. இருபது தாள் ஓட்டினால் சபைக்குப் போதும். தாள்களை அடுக்கி வைத்து வெட்டினால் ஒவ்வொரு வசனமும் இருபது இருபது அட்டையாகத் தனித்தனிக் கட்டாக நிற்கும். அந்தக் கட்டுகளைக் கலைத்து, ஒன்றோடொன்று கலந்து, பெட்டியில் போடுவது என் வேலை. யாருக்கு எந்த வசனம் என்பதை ஆண்டவர் தீர்மானிக்கிறார் என்று சபையே நம்பிக்கொண்டிருக்க, டீ ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் அவசர அவசரமாகக் கலைத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு எப்படி அந்தத் தாம்பாளத்தைப் பார்த்து மெய்சிலிர்க்கும்?

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதே வேலை. அந்த வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர்கள் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. அவர் அப்போது வெளியே மருந்து மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது அவருடைய கூட்டாளி. எங்கள் சபைக்காரர்தான், எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் காப்பி குடிக்கிறவர். அவரும் இன்னொருவரும் போய்விட்டார்கள். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். இவர் ஒரு மாதம் வீட்டில் இருந்தார். அதிகம் பேசவில்லை. பேசாத மனிதர்தான், அதனால் நான் அதில் வித்தியாசம் ஒன்றும் பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் மேனேஜர் போன் செய்தார். அனுமதி கிடைத்துவிட்டது, ஜனவரி மூன்றாம் தேதி பூஜை போட்டுத் திறக்கிறோம், மருந்து ரூம் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். இவர் "சரிண்ணே, சொல்லுதேன்" என்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

போகாதீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நெஞ்சுக்குள் அதுதான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் நான் சொல்லி அவர் நின்று, ஐம்பது வயதில் வேறு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்தால், நீதானே நிறுத்தினாய் என்று என்னைப் பார்ப்பார். போங்கள் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் அதற்குப் பிறகு நான் எப்படிச் சோறு தின்பேன்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவரே பேசினார்.

"புதுவருசம் வரட்டும். கோயில்ல எனக்கு என்ன வசனம் வருதோ, அதப் பாத்து முடிவு பண்ணிக்கிறேன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஒரு மனிதனுடைய உயிரை நான் கலைத்துப் போடுகிற அட்டையிலா வைப்பது?

"அது சிவகாசியில அடிக்கிற அட்டைங்க."

"அடிக்கிறது சிவகாசி. வசனம் ஆண்டவரோடது" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் சந்தேகம் பிடித்தது. இவர் போவதென்று முடிவு செய்துவிட்டு ஆண்டவர்மேல் பழியைப் போடப் பார்க்கிறாரோ? மருந்து ரூமுக்குப் போட்டுப் போகிற பருத்திச் சட்டையைத் துவைத்து மடித்து அலமாரியில் மேல்தட்டில் வைத்திருந்தார். எதற்கு? ஒரு சனிக்கிழமை, சாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, அப்பா நன்றாகச் சாப்பிட்டாரா என்று மெதுவாகக் கேட்டேன். "அப்பா இங்க வரலையேம்மா" என்றாள். அடுத்த வாரம் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, உங்க வீட்டுக்காரரைக் கம்பெனி கேட் முன்னால் பார்த்தேன், பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார் என்றாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷனுக்கு உள்ளே போகக் கால் துறுதுறுக்கிறது. திறக்கிற நாள் வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், பொய் சொன்னால் நான் இன்னும் கோபப்படுவேன்.

இந்த நிலையில்தான் போதகர் அனுப்பிய வசனங்களின் ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தது.

முப்பத்தாறையும் எழுத்துப் பிழைக்காகப் படிக்கவில்லை. எது அவரை அனுப்பும், எது நிறுத்தும் என்று படித்தேன். பயப்படாதே என்கிற வகையில் மட்டும் பத்து இருந்தது. முதலில் பகீர் என்றது. பிறகு யோசித்தேன். பயப்படாதே என்று வந்தால், வேலையை விடப் பயப்படாதே என்றுதான் ஆண்டவர் சொல்கிறார் என்று திருப்பிவிடலாம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. பெருகப் பண்ணுவேன், வழி காட்டுவேன் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் வளையும். இருபத்தேழாவது வசனத்துக்கு வந்ததும் என் பென்சில் நின்றுவிட்டது. நெருப்புக்குள் நடந்து போனாலும் உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆண்டவர் சொல்கிற வசனம் அது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. சபையில் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒருவர் அந்த நெருப்பில் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் பெஞ்சாதி வரிசையில் வந்து நின்று இதை எடுத்தால் அந்த அம்மா என்ன செய்யும்? இவர் கையில் இது வந்தால் நான் எந்தப் பக்கம் வளைப்பேன்? நேராக மருந்து ரூமுக்குப் போய்விடுவார்.

வசனத்தை நீக்கிவிடலாமா என்று போதகரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் கேட்பார். அதனால் ப்ரூஃபில் சரி போட்டு அனுப்பினேன். தாள் ஓடியது. வெட்டிய கட்டுகள் என் மேஜைக்கு வந்தன. கட்டிங் மிஷின்காரர் டீக்குப் போன நேரத்தில் இருபத்தேழாவது கட்டை அப்படியே எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள், தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்தேன். மீதி முப்பத்தைந்து கட்டுகளையும் கலைத்துப் பெட்டியில் போட்டேன். அன்று கை அவசரப்படவில்லை. நன்றாகவே கலைத்தேன். திருடியும் ஆகிவிட்டது, மிச்ச வேலையாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அந்த இருபது அட்டைகளையும் பீரோவில் என் கல்யாணப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. வசனம் அச்சடித்த தாளை அடுப்பில் போடும் தைரியமும் இல்லை.

முப்பதாம் தேதி போதகரே பைக்கில் அச்சகத்துக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"முப்பத்தாறு வசனமும் இருக்குல்லம்மா?"

"இருக்குங்கய்யா."

போதகர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய் அது. அவர் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டே சொன்னார். "அந்த நெருப்பு வசனத்த வேண்டாம்னு விட்டுருவமான்னு ரெண்டு நாளா ரோசன பண்ணினேன். நம்ம சபையில இப்படி நடந்திருக்கே. பெறகு, எதக் கொடுக்க எத விடன்னு தீர்மானிக்க நான் யாரும்மா? அப்படியே அனுப்பிட்டேன்."

இவர் எதற்கு இதை என்னிடம் சொல்கிறார்? அந்த வசனத்தை மட்டும் எதற்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்? கட்டிங் மிஷின்காரர் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பாரோ? பைக் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பதைக்கூடக் கவனித்தேன். பார்க்கவில்லை. தெரிந்தவர்தான் இப்படித் திரும்பிப் பார்க்காமல் போவார் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஜனவரி ஒன்று விடிகாலை. புதுத் துணி, தலையில் பிச்சிப்பூ, நல்ல பனி. ஊருக்குள் அங்கங்கே விற்காமல் நின்றுபோன சரவெடிகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் இவர் பைக் லேசாக ஆட்டம் கண்டது. ரோட்டில் பள்ளம் என்று நினைத்தேன்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வருடத்தில் அந்த ஒரு நாள் எனக்குப் பிடிக்கும். போன வருடம் உயிரோடு வைத்ததற்கு நன்றி என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிறவளோடு எனக்கு என்ன சண்டை என்பதே மறந்துபோகும். அன்றைக்கு மறக்கவில்லை. போதகர் பிரசங்கத்தில் மறைவான காரியம் என்று ஒருமுறை சொன்னார். என்னைத்தான் சொல்கிறார் என்று உட்கார்ந்திருந்தேன்.

தாம்பாளத்தை வைத்தார்கள். பெண்கள் வரிசையில் எனக்கு நான்கு பேருக்கு முன்னால் செத்துப்போன கூட்டாளியின் பெஞ்சாதி நின்றது. வெள்ளைச் சேலை இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பழைய சேலை. துணிக்குள் கையை விட்டு எடுத்து, அங்கேயே படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது. என்ன வந்ததோ தெரியாது. எது வராது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவாவது நான் செய்தது சரி என்று சொல்லிக்கொண்டேன். என் கைக்கு வந்தது சமாதானத்தைப் பற்றிய வசனம். அன்றைக்கு அதைப்போலப் பொருந்தாத வசனம் வேறு இருந்திருக்க முடியாது.

ஆண்கள் வரிசையில் இவர் முறை வந்தது. துணிக்குள் கையை விட்டார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கை உள்ளே இருந்தது. பிறகு கையை எடுத்தார், நேராகச் சட்டைப் பைக்குள் வைத்தார், திரும்பி நடந்தார். படிக்கவில்லை. எல்லோரும் படிக்கிறார்கள், இவர் மட்டும் படிக்கவில்லை.

கோயில் வாசலில் கேட்டேன். "என்ன வந்துச்சு?"

"வீட்டுல போய்ப் பாப்போம்."

வீட்டுக்கு வந்தோம். நான் இட்லி எடுத்து வைத்தேன். நான்கு இட்லி தின்றார். அட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கறி வாங்கக் கிளம்பினார். மத்தியானம் மகளும் மருமகனும் சாப்பிட வருவதாக இருந்தது. புதுவருடத்தன்று கறிக்கடையில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். பைக் சத்தம் தேய்ந்ததும் ஆணியில் இருந்த சட்டையை எடுத்தேன்.

பையில் ஒரே ஒரு அட்டை. இருபத்தேழாவது வசனம்.

இருபதையும் நானே எடுத்தேன். எப்படி வந்தது? போதகர் வேறெங்காவது ஒன்று அடித்து வைத்தாரா? அந்தக் கட்டுக்குள் இருபத்தொன்று இருந்ததா? மிஷினில் கூடுதலாக ஒரு தாள் ஓடியதா? உண்மையிலேயே ஆண்டவர்தான் என் திருட்டுத்தனத்தை மீறி இதை அனுப்பினாரா? அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆண்டவரே இவரை எடுத்துக்கொள்ளத்தான் போகிறீரா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

ஆனால் செக்கிங் புத்தி என்று ஒன்று இருக்கிறதே. ஆண்டவர் அனுப்பியதாகவே இருக்கட்டும், எண்ணிப் பார்ப்பதில் தப்பில்லை. பீரோவைத் திறந்து சேலை மடிப்பைப் பிரித்தேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான்.

பயம் போன இடம் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. என் சேலைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, கோயிலுக்குக் கொண்டுபோய், தாம்பாளத்தில் கையை விட்டு நடித்து, ஆண்டவர் கொடுத்ததாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எப்படியாவது அந்த மருந்து ரூமுக்குப் போக வேண்டும் என்று அவ்வளவு வெறி. நான் நினைத்தது அத்தனையும் சரியாகப் போய்விட்டது. சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளியும் சந்தோஷம் இல்லை.

அவர் கறிப் பையோடு உள்ளே வந்தபோது அட்டையை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது எங்கனயிருந்து வந்துச்சு?"

அவர் திடுக்கிடவில்லை. கறிப் பையைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"பீரோவுல இருந்து. வேட்டி எடுக்கப் போனப்ப உன் சேல சரிஞ்சு விழுந்துச்சு. இருபதும் ஒரே வசனம். அப்பவே புரிஞ்சிருச்சு."

"கோயில்ல வச்சு ஆண்டவர ஏமாத்துவீகளா?"

"நீ?"

"நான் உங்க உசுரக் காப்பாத்தப் பண்ணினேன். நீங்க சாகப் போறதுக்குப் பண்ணியிருக்கீக!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

அவர் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கையைத் துடைக்காமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"தாம்பாளத்துல நான் எடுக்கவே இல்ல."

"என்ன சொல்லுதீக?"

"துணிக்குள்ள கைய விட்டேன். அட்டை கையில பட்டுச்சு. வேலைக்குப் போன்னு வசனம் வந்துட்டா என்ன செய்யன்னு விட்டுட்டேன். வெறுங்கையத்தான் எடுத்தேன். யாரும் பாத்துறக் கூடாதுன்னு பைக்குள்ள விட்டுக்கிட்டேன்."

"பெறகு இது எதுக்குப் பையில?"

"நீ இட்லி எடுக்கப் போனப்ப நான்தான் வச்சேன், நீ பாப்பேன்னுதான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் சட்டைப்பையப் பாக்காம விட்டிருக்கியா? இதப் பாத்தா ஆங்காரமா வருவ. வந்து, போகாதீகன்னு சொல்லிருவ. நீ சொல்லிட்டா நான் சரின்னு இருந்துக்கிடலாம்னு நெனச்சேன்." நிறுத்திவிட்டுச் சொன்னார், "எனக்குப் பயமா இருக்கு."

நான் விடவில்லை. அப்போதும் விடவில்லை. "மககிட்டப் போறேன்னு சொல்லிட்டுக் கம்பெனி கேட்டுல போய் நின்னீகளே, அது என்ன?"

"அதுவும் தெரியுமா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "மூணு தடவ போனேன். உள்ள போய் அந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டா பயம் தெளிஞ்சிரும்னு பாத்தேன். கால் நகரல. வாச்மேன் டீ வாங்கிக் கொடுத்தாரு. குடிச்சிட்டு வந்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்ல. பாப்பா பொறந்த வருசம்."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மகள் பிறந்து மூன்று மாதம் இருக்கும்போது, மருந்து ரூம் வேண்டாம், பயமாக இருக்கிறது, லோடு ஏற்றும் வேலைக்குப் போகட்டுமா என்று என்னைக் கேட்டாராம்.

"நீ சிரிச்ச. இந்தத் தெருவுல அம்புட்டுப் பொம்பளைகளும் மருந்துல கைய வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறாக, மீச வச்ச ஆம்பள நீங்க நடுங்குதீகளேன்னு சொன்ன. உங்கம்மா வீட்டுல எல்லாரும் இருந்தாக. அதுக்குப் பெறகு நான் சொல்லல."

முதலில் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவர் கதை கட்டுகிறார் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தைகள் என்னுடையவைதான். என் வாயை எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடமாக அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் அந்த ரூமுக்குள் போய் வந்திருக்கிறார். அடுத்தவர் போட்ட எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிக்கிறவள், நான் சொன்னதை மறந்தே போயிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அவரைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"போகாதீக" என்றேன். "வசனம் எது வந்தாலும் போகாதீக. நான் சொல்லுதேன்."

பிறகு இரண்டு பேருமே அழுதோம். கறியை நேரத்தோடு கழுவாமல் விட்டதில் அன்று குழம்பு கொதிக்க ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மகள் வந்து, ஏன் இரண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். அவள் நம்பவில்லை. என் மகள்தானே.

மறுநாள் காலையில் இருவரும் போதகர் வீட்டுக்குப் போய் இருபது அட்டைகளையும் கொடுத்து நடந்ததைச் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"தப்புத்தாம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு முழங்காலில் நின்று எங்களுக்காக ஜெபம் செய்தார். இவரைப் பெயர் சொல்லி, ஆண்டவரே இவருக்குப் பயமாக இருக்கிறது என்று அப்படியே சொன்னார். தைரியத்தைக் கொடும் என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி, ஆமென் போட்டுவிட்டார். அந்த மாதிரி ஜெபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் மேனேஜர் போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தார்.

"என்னப்பா, நாளைக்கு ஆறரைக்குப் பூஜை. மருந்து ரூம் சாவி ஒங்கிட்டத்தான். ஆறு மணிக்கே வந்துரு."

"நான் வரலண்ணே."

"ஏன்?"

காய்ச்சல் என்று சொல்லுங்கள் என்று நான் கையால் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பயமா இருக்குண்ணே. இனிமே அந்த வேலைக்கு வரமாட்டேன்."

மேனேஜர் கொஞ்சம் கறாரான ஆள். பக்கத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு சிரிக்கப் போகிறார், ஊர் முழுக்கச் சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இவர் குனிந்து போனைப் பார்த்தார். கட்டாகவில்லை.

"எனக்கும்தாம்ப்பா" என்றார் மேனேஜர். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நான் இன்னும் வீட்டுல சொல்லல."